இழுக்கும் இடமும் பிடிக்கும் இடமும்

நம் ஓட்டுநர் சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது முதலில் மறுத்தேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் மூத்த ஓட்டுநர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பேசினால் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியவன் நான். ஆனால் தலைவரும் செயலாளரும் வீட்டுக்கே வந்து, "பெரியவர்கிட்ட தொழில் படிச்சவன்னு நீதான் மிச்சம், நீயே எழுது" என்றார்கள். எனக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்த பெரியவர் பெயரைச் சொல்லிக் கேட்டபின் மறுக்க எனக்கு வாயில்லை. பிழை இருந்தால் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்காகச் சங்கக் கட்டடத்தில் ஒரு டிவி வைத்து, ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டி, கார் பந்தய கேம் போட்டி நடத்தினோம். கிரான் டூரிஸ்மோ 7 என்பது அதன் பெயர். நான் பின்வரிசையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பேரன் ஹோண்டா எஸ்2000 எடுத்திருந்தான். எதிரே ஆடிய பையன் டொயோட்டா சுப்ரா. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சுப்ரா முன்னால் போனது, பேரன் பின்தங்கினான். "அவன் வண்டியில 280 குதிரை தாத்தா, என்னுதுல 250தான்" என்றான். முப்பது குதிரையால் வருகிற தோல்வி இல்லை அது. பேரன் வண்டி வளைவிலிருந்து வெளியே வரும்போது முக்கித் திணறியது. என் காதுக்கு அது நன்றாகவே கேட்டது. "மூணுல வராத கண்ணு, ரெண்டுக்குப் போ" என்றேன். போனான். வண்டியின் குரலே மாறியது, கீச்சென்று ஒரு படி மேலே ஏறியது. அடுத்த சுற்றில் சுப்ராவின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு வந்தான்.

அந்தக் காரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் சத்தம் சொல்லிவிட்டது. பிறகு பேரன் அதன் வரைபடத்தை டிவியில் காட்டினான். ஒரு கோடு குதிரைத்திறன், ஒரு கோடு இழுவை, அதாவது டார்க். எஸ்2000-இன் இரண்டு லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 8300 சுற்றில்தான் அந்த 250 குதிரையைத் தருகிறது. அதன் முழு இழுவை 218 நியூட்டன் மீட்டர், அதுவும் 7500 சுற்றில். சுப்ராவின் மூன்று லிட்டர் இரட்டை டர்போ 3600 சுற்றிலேயே 451 நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடுகிறது. குதிரையில் வித்தியாசம் முப்பது. இழுவையில் இரண்டு மடங்கு. ஹோண்டா வண்டி ஏறத்தாழ 6000 சுற்றுக்குமேல் போனால்தான் வால்வு கேம்ஷாஃப்டின் வேறு மேட்டுக்கு மாறி உயிர் பெறுகிறது. அதற்குக் கீழே அது சாதாரணக் கார். ஆனால் செய்தவர்கள் அதற்கேற்ற கியர் வைத்திருக்கிறார்கள். மூன்றில் 8800 வரை இழுத்து நான்குக்கு மாற்றினால் முள் 6900-க்குத்தான் இறங்கும். அந்தக் கீழ்ச்சுற்றுக்கு விழவே விடாது. அந்த இடத்தை அறிந்து ஓட்டுகிறவனுக்கு அது பந்தயக் குதிரை, அறியாதவனுக்கு நொண்டிக் குதிரை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உறுப்பினர்களுக்குத் தெரியும். நம் ஓட்டுநர் பரம்பரைகளின் சண்டை முழுக்க இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் நடந்தது.

லேலண்டு வழி, பென்ஸ் வழி என்று நாம் பிரித்துப் பேசுவதை வெளியூர்க்காரர்கள் கம்பெனிப் பாசம் என்று நினைக்கிறார்கள். அது கம்பெனிப் பாசமல்ல, ஓட்டும் முறை. சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனியின் காமெட் வண்டிதான் எங்கள் வழிக்கு மூலம். 370 என்ஜின், ஏறக்குறைய ஆறு லிட்டர். அதற்கு அவசரமே கிடையாது. கீழ்ச்சுற்றில் பிடித்து, லோடோடு மெல்லமெல்ல எடுத்து, விடாமல் இழுக்கும். கியர்பெட்டிக்கு டபுள் கிளட்ச் போட்டே ஆக வேண்டும். சுற்று ஒத்துவராவிட்டால் பல் கடித்துக் கத்தும். அதனாலேயே லேலண்டு வழியில் வந்தவனுக்கு என்ஜின் சுற்று மனப்பாடம். மீட்டரைப் பார்க்காமலே கால் அளவு தெரிந்துவிடும்.

பென்ஸ் வழி வேறு. 1954-இல் டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் சேர்ந்து பதினைந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டன. 1969-இல் நட்சத்திரம் போய் வெறும் டாடா ஆனது. ஆனாலும் நம் பெரியவர்கள் கடைசிவரை பென்சு வண்டி என்றே சொன்னார்கள். லேலண்டைவிடத் துடிப்பான வண்டி. சுற்றை ஏற்றி, கியரைச் சட்டென்று மாற்றி ஓட்ட வேண்டும். பென்ஸ் வழியில் நல்ல ஓட்டுநர் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது வண்டி ஓட்டம் குறைவதே தெரியாது. எங்கள் ஆட்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். 1210, 1612 என்று வண்டியின் பெயரிலேயே டன்னையும் குதிரையையும் எழுதிவைத்ததும் டாடாக்காரர்கள்தான். 1612 என்றால் 16 டன், 120 குதிரை. கிளீனர் பையனுக்கும் தெரிந்த கணக்கு. எஸ்2000 காரில் 250 குதிரை சுமப்பது ஒன்றேகால் டன்னைக்கூடத் தொடாத எடை. நம் வண்டியில் அதில் பாதிக் குதிரைகூட இல்லாமல் பதினாறு டன் மேடேறியது. கீழ்ச்சுற்றின் இழுவையும் கியரும் சேர்ந்து செய்த வேலை அது.

எண்பதுகளில் ஹினோ தொழில்நுட்பத்தோடு வந்த லேலண்டு என்ஜின், பிறகு டாடா கம்மின்ஸின் 5.9 லிட்டர் என்று வழிகள் கலந்துவிட்டன. டாரஸ் என்ற ஒரு மாடலின் பெயர் பலசக்கர லாரி எல்லாவற்றுக்கும் பெயராகிப்போன காலம் வந்தது. அதைப் பற்றி நாமக்கல், சங்ககிரிக்காரர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் என் பெரியவரிடம் வருகிறேன்.

1979-இல் பதினாறு வயதில் அவரிடம் கிளீனராகச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டிவந்த என் அப்பா, சந்தை முடிந்ததும் என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். முதல் இரண்டு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. ஓடும் வண்டியில் கியர் கம்பியின் குமிழ்மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்வார். "இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்பார். அதிர்வு சன்னமாக இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. கையில் குத்தினால் கீழே விழப்போகிறது. நடுநடுவே பரபரவென்று வந்தால் சுற்று வீணாக ஏறுகிறது. இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்த அன்றுதான் சீட்டில் உட்காரவிட்டார்.

உட்கார்ந்த முதல் நாள், தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டர்களின்மேல் போட்டு மூடினார். சேலத்திலிருந்து வரும் லோடு வண்டி, தொப்பூர் ஏற்றம். "முள்ளப் பாக்காத, காதுல ஓட்டு" என்றார். பாதி ஏற்றத்தில் நான்காவதில் வண்டி திணறியது. நான் இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்று நினைத்துவிட்டேன். மூன்றுக்குப் போட கிளட்சை மிதித்த நேரத்துக்குள் ஓட்டம் செத்து, மூன்றும் ஏறவில்லை. வண்டி நின்றேவிட்டது. சக்கரத்துக்குக் கல் போட்டு, முதல் கியரில் மறுபடி எடுத்தோம். அவர் திட்டவில்லை. "என்ஜின் உன்ன ரெண்டு தடவ கூப்புட்டுச்சு கண்ணு, நீ மூணாவது தடவைக்குக் காத்திருந்த" என்றார். இழுக்கும் கட்டம் என்று இன்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அது எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அவர் கெடுபிடி. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, சந்தேகம் இருந்தால் ஒன்று குறைத்து இறங்கு என்பார். இழுக்கும் இடம் என்று ஒன்று இருப்பதுபோல என்ஜினுக்குப் பிடிக்கும் இடமும் உண்டு. காலை எடுத்துவிட்டுக் கியரில் விட்டால், சுற்று மேலே இருக்கும்போதுதான் அது வண்டியைத் தடுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் அப்படியே. கீழ்ச்சுற்றில் அதற்கு வலுவில்லை. ஆக, ஏறும்போது காதால் கண்டுபிடித்த கட்டத்தையே இறங்கும்போது இன்னொரு விதமாகக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் வழியின் முழுப் பாடமும். லேலண்டு, பென்ஸ் பேதமில்லாமல் அந்தக் காலத்து எல்லா ஆசான்களும் இதில் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

இனி எழுதுவது யாரையும் மனத்தில் வைத்து எழுதுவதல்ல. இன்று வண்டி ஓட்டும் தம்பிகளில் எங்களைவிடத் திறமையானவர்கள் உண்டு. என் காலத்தில் இல்லாத வாடகைச் சுமை, நேரச் சுமை அவர்களுக்கு இருப்பதும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கட்டமேட்டிலேயே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு உருளவிடுகிறார்கள். சிலர் என்ஜினையே அணைக்கிறார்கள். கேட்டால் டீசல் மிச்சம் என்கிறார்கள். என்ஜினை அணைத்தால் கம்ப்ரஸர் நின்றது, பிரேக்குக்குக் காற்று ஏறாது. மறுபடி மறுபடி பிரேக் மிதித்தால் டாங்கியில் இருப்பதும் தீர்ந்தது. பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். நியூட்ரலில் என்ஜின் ஓடினாலும் முழு எடையையும் டிரம்மும் லைனிங்கும்தான் தாங்க வேண்டும். அவை சூடேறி வழுக்க ஆரம்பித்தால் காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது. இறக்கத்தில் இரட்டைப் பாலம் வரும்போது நாற்றம் அடிக்கும், அப்போது காலம் கடந்திருக்கும். டீசல் மிச்சம் என்பதும் பொய். இன்றைய காமன் ரயில் என்ஜினில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலையே விடாது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கிறது. பழைய பம்பிலும் இதுதான் நடந்தது. மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவும் செய்து உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

2024 ஜனவரியில் இதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து நான்கு உயிர்கள் போயின. அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தொப்பூரில் ஒவ்வொரு முறை சைரன் கேட்கும்போதும் பெரியவரின் துண்டுதான் என் கண்முன் வருகிறது.

நியூட்ரல் ஒரு பக்கம்தான். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், என்ஜின் பேசுவது எப்படிக் கேட்கும்? கிளீனரே இல்லாமல் வண்டி போகிறது, கியர் குமிழில் கை வைத்துப் படிக்கிற பிள்ளை எங்கே? வண்டி வாங்கப் போனால் குதிரை எத்தனை என்று கேட்கிறார்கள். எந்தச் சுற்றில் என்று ஒருவரும் கேட்பதில்லை. மீட்டரில் பச்சைக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது, அது எதற்கு என்று கேட்டதற்கு ஒரு தம்பி டிசைன் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கியரைத் தானாக மாற்றும் வண்டிகள் வந்துவிட்டன, இனி எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். மேடு முன்னால் இருப்பதை வண்டி அறியாவிட்டாலும் சாலையைப் பார்க்கிற மனிதன் முன்கூட்டி அறிவான். அந்த வண்டிகளிலும் இறக்கத்தில் கையால் கியரைக் குறைத்துப் பிடிக்க வசதி இருக்கிறது. அதை எத்தனை பேர் தொடுகிறார்கள்? நாற்பது வருஷம் கையிலிருந்து கைக்கு வந்த ஒரு தொழில், என் கண்முன்னாலேயே ஒரு தலைமுறையில் காற்றில் போகிறது. நான் அதிகமாகச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

இந்த வருத்தத்தில்தான் நான் அந்த கேமை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். நம் பிள்ளைகள் இந்தோனேசியா பஸ் கேமில் நம் அரசுப் பேருந்துக்கும் தனியார் பேருந்துக்கும் நிறமும் எழுத்தும் பதித்து ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய லாரி கேமில் இறக்கத்தில் ரிட்டார்டர் போட்டு இறங்குகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தது நாம் இல்லை. பேரனை உட்காரவைத்து எஸ்2000, சுப்ரா இரண்டின் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எஸ்2000 மேல்சுற்றில் துடிக்கிற பென்ஸ் வழியின் நீட்சி. சுப்ரா கீழே பிடித்து இழுக்கிற எங்கள் வழியின் நீட்சி. இதைச் சொன்னதும் அவன் இரண்டு நாளாக என்னிடம் காமெட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்று மட்டும் குறை. இந்த கேம்களில் பிரேக் பிடிக்காமல் போனால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். அதை மட்டும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். அந்த டிவியும் ஸ்டியரிங்கும் ஆண்டுவிழா முடிந்ததிலிருந்து அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன, சாவி செயலாளரிடம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அதைத் திறந்துவைத்தால், லேலண்டு வழி மூத்தவர் ஒருவரும் பென்ஸ் வழி மூத்தவர் ஒருவரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்டுச் சொல்லிக்கொடுக்கலாம். லைசென்ஸ் எடுத்த தம்பிகளும் வரலாம். நான் ஒவ்வொரு முறையும் வரத் தயார். திரையில் முள்ளை மறைக்க ஒரு துண்டும் கொண்டுவருகிறேன்.