தூணும் பீப்பாயும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், தவக்கால இரவில் நடந்த திருப்பாடுகளின் நாடகத்தைக் காணச் சென்றிருந்தோம். பிலாத்து கைகளைக் கழுவும் வேளையில் கடற்காற்று எழுந்தது. தெர்மாகோலில் செய்து பொன்வண்ணம் பூசிய உரோமைத் தூண் ஒன்று ஆடி அசைந்து ஆளுநரின் தோள்மீது சாய்ந்தது. கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. குற்றமற்றவர் சாவுக்குத் தீர்ப்பிடப்படும் நேரத்தில் எழுந்த அச்சிரிப்பை நம்மால் இன்றளவும் மறக்க இயலவில்லை.

நடித்தவர்கள் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் இளைஞர்கள். திரட்டிய பணத்தில் பெரும்பகுதி வாடகைப் படுதாக்களுக்கும் தூண்களுக்குமே போயிற்று என்று பின்னர் அறிந்தோம். ஒலிபெருக்கிக்கு மிஞ்சியது சொற்பம். யூதாசின் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. நம் குறை அவ்விளைஞர்கள்மீது அன்று. நாடகம் என்றால் அரண்மனை சீன் இருந்தாக வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்த நம் இரசனையின்மீதுதான்.

இந்த இரசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதில் நடித்தவர்களும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். எனினும் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் நிறைந்த சபை அது, கைப்பணத்துக்குப் பஞ்சமில்லை. நவாப் இராஜமாணிக்கம் 'இயேசுநாதர்' நாடகத்தையே பெருங்காட்சிகளோடு மேடையேற்றினார். ஆர். எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளைக் கண்டு வியந்தோர் நம் வாசகரிடையே இன்றும் இருப்பர். அம்மரபைப் பழிக்க நாம் துணியோம். ஆனால் தொழில்முறைக் குழுவினர் ஒரே காட்சியமைப்பை ஊர் ஊராக, இரவு இரவாகப் பயன்படுத்தி முதலை மீட்டார்கள். ஓரிரவு நாடகம் போடுவோருக்கு அக்கணக்கு எவ்வாறு பொருந்தும்?

நம் தொண்டைமண்டலத்தின் தெருக்கூத்தோ வேறு வழி காட்டுகிறது. இருவர் பிடித்த திரைச்சீலை ஒன்று. அதன் பின்னிருந்து வேடதாரி வெளிப்பட்டதும் அவ்விடமே அத்தினாபுரம் ஆகிவிடுகிறது. தோர்ன்டன் வைல்டரின் 'எங்கள் ஊர்' 1938இல் அரங்கேறியபோது, இரண்டு ஏணிகளே எதிரெதிர் வீட்டு மாடிச் சன்னல்களாயின. அவற்றை எவரும் வறுமை என்று சொல்லவில்லை.

பணம் குறைந்த மேடைக்குரிய பொருள்கள் இவ்வட்டாரத்தில் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடக்கின்றன. சவுக்குக் கழிகளால் எட்டடி உயரச் சட்டம் கட்டி, பழைய சாக்குகளைப் பிரித்துத் தைத்து இழுத்துக் கட்டலாம். புளியங்கொட்டைப் பசையில் சுண்ணப்பொடியும் சிறிது கரியும் குழைத்துப் பூசினால் துணி விறைத்து நிற்கும். அதன்மீது விளக்கை நேரே பாய்ச்சினால் சாக்கு சாக்காகவே தெரியும். பக்கவாட்டில் தாழ வைத்துச் சாய்வாகப் பாய்ச்சினால் இழைகளின் நிழல் விழுந்து கருங்கல் மதிலாகிவிடும். இது நாமே செய்து பார்த்தது. சட்டத்தின் பின்புறம் சாய்வுக்கால் கொடுத்து, அதன் அடியில் மணல்மூட்டை வைக்க மறக்கலாகாது; அன்று அந்தத் தூணுக்கு இல்லாமற்போனது அதுதான். ஆலைகள் கழித்துவிடும் சரக்குத் தட்டுகளைக் கேட்டுப் பெற்று, ஆணி தலைதூக்காமல் அடித்து அடுக்கினால் படிகளும் நீதி இருக்கையும் ஆயின. இரசாயனம் அடைத்திருந்த பீப்பாய்களை மட்டும் தொடவே கூடாது. தெர்மாகோலும் எளிதில் தீப்பற்றுவது. சூடேறும் விளக்கருகே அதை நிறுத்துவது பேதைமை.

இவற்றையெல்லாம் அவ்விளைஞர்களுக்கு நாம் சொல்லவேண்டியதே இல்லை என்பதற்கும் அந்நாடகத்திலேயே சான்று இருந்தது. பிலாத்துவின் காட்சிக்குச் சற்று முன்பு, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காயும் காட்சி. அதற்கு வாடகை சீன் கிடைக்கவில்லை போலும். துளையிட்ட பழைய தகரப் பீப்பாய் ஒன்றை நடுவில் வைத்து, உள்ளே சிவப்புத் தாள் சுற்றிய விளக்கு ஒன்றை எரியவிட்டிருந்தார்கள். சுற்றி நால்வர், இரவுப்பணிக் காவலாளிகளைப்போலத் தலையில் துண்டு சுற்றிக் கைகளை நீட்டி நின்றனர். பணிப்பெண் வந்து கேட்டாள். பேதுரு நெருப்பிலிருந்து கைகளை இழுத்துக்கொண்டு, அவரை அறியேன் என்றார். துளைகளின் வழியே சிவந்த புள்ளிகள் அவர் முகத்தில் விழுந்திருந்தன. நமக்கு அருகில் ஆலைச் சீருடையோடே வந்து அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், மடியிலிருந்த பேரனின் கையைப் பற்றிக்கொண்டார். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.