பொருள்நோக்கு மொழிகளிற் காப்பும் ஆற்றலும்

பெருகி விரியும் கணினிச் செய்நிரலைச் சீர்குலையாது காப்பது மறைப்பே என்னும் உண்மையை 1972ஆம் ஆண்டில் டேவிட் பாணஸ் தெளிவுற எடுத்துரைத்தார். பின்னர் மாறக்கூடிய வடிவமைப்பு முடிவு ஒவ்வொன்றும் ஒரு கூற்றினுள் மறைக்கப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பொருள்நோக்கு மொழிகளுக்கும் இதுவே அடித்தளம். தரவும் அதனை ஆளும் செயல்முறைகளும் ஓர் அலகாக அமைவதே அம்மொழிகள் கூறும் 'பொருள்' ஆகும். வங்கிக் கணக்கு ஒன்று அவ்வாறு அமையுமாயின், வைப்பு, மீளப்பெறல் ஆகிய வாயில்கள் வழியன்றி அதன் மீதியைப் பிறர் தொடுதல் இயலாது. இக்காப்பே உறையிடல் எனப்படும்.

எனினும், இம்மொழிகளுட் பல இதற்கு மாறான ஓர் ஆற்றலையும் உடையன. செய்நிரல் தன் அமைப்பையே ஆராய்ந்து மாற்றும் அவ்வாற்றல் மீநிரலாக்கம் எனப்படும். பிழை தேடும் கருவி பொருளின் அகத்தைக் காணாது தொழிற்படல் அரிது. பொருள்களைக் கோப்பிற் சேமித்து மீட்கும் நூலகங்கள் பலவும் அத்தகையனவே. ஆகவே, இவ்வாற்றலை முற்றாக விலக்குதல் தீர்வாகாது.

இம்முரணை ஆராய்ந்தவற்றுள், கிலாட் பிராக்காவும் டேவிட் அங்கரும் 2004ஆம் ஆண்டில் 'ஆடிகள்' பற்றி எழுதிய கட்டுரை சிறப்பாகக் கருதத்தக்கது. பொருள் தன் அமைப்பைத் தானே காட்டுதல் கூடாது. அப்பணிக்கெனத் தனியே அமைந்த ஆடி என்னும் பொருளே அதனைச் செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அங்கர் உருவாக்கத்திற் பங்குகொண்ட செல்ஃப் மொழியில் இம்முறை கையாளப்பட்டது. ஆடியைப் பெறும் வழி கட்டுப்படுத்தப்படுமாயின், அகத்தைக் காணும் ஆற்றலும் தானே கட்டுப்படும். இப்பிரிவினையே அக்கட்டுரையின் பெருமை.

ஆயினும், அதன்கண் ஒரு குறையும் உண்டு. உறையிடலை அது தன் முதற்கொள்கையாக வைப்பினும், அங்கு வற்புறுத்தப்படுவது ஆடியின் சொந்த அமைப்பு மறைக்கப்படல் வேண்டும் என்பதே. பொருளின் அகத்தைத் திறப்பதற்கு இசைவளிக்க வேண்டியவர் யாவர் என்னும் வினா பின்தங்கிவிடுகின்றது.

அவ்வினாவின் வன்மையை யாவா மொழியின் வரலாறு காட்டும். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 1.2ஆம் பதிப்புத் தொடக்கம், தனியுரிமை எனக் குறிக்கப்பட்ட புலத்தையும் ஓர் அழைப்பினால் திறத்தல் அம்மொழியிற் கூடிற்று. பாதுகாப்பு மேலாளரை நிறுவித் தடைவிதிக்க வழியிருந்ததாயினும், அது இயல்பாக இயங்குவதன்று. மேற்கூறிய கணக்கின் மீதியை வாயில்களைக் கடந்து மறைப்பெறுமானமாக்குதலும் இவ்வாறு எளிதாயிற்று. அதனினும் பெரிய தீங்கு வேறொன்று. யாவாவின் உள்ளமைப்பையே பல நூலகங்கள் நம்பியிருக்கத் தலைப்பட்டன. தம் அகத்தை மாற்றும் உரிமையை அதனை ஆக்கியோரே பெரிதும் இழந்தனர்.

2017இல் வந்த 9ஆம் பதிப்பின் கூற்றமைப்பு இதற்கு விடைகாண முயன்றது. எப்பகுதி திறக்கப்படும் என்பதைக் கூற்றை ஆக்கியவரே அறிவிக்கும் முறை அதனால் ஏற்பட்டது. பழைய வழக்கத்திற்கு அளிக்கப்பட்ட சலுகை 2021இல் வந்த 16ஆம் பதிப்பில் இயல்புநிலையில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே 17ஆம் பதிப்பு அதனை நீக்கிற்று. எனினும், செய்நிரலை இயக்குபவர் ஆணைவரியில் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, மூடிய பகுதியைத் திறக்கும் வழி இன்னும் உண்டு. இதனைக் குறையெனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. திறப்பு ஒன்று இருத்தல் தீங்கன்று. எவரும் அறியாவண்ணம் அது எல்லார் கையிலும் இருத்தலே தீங்கு.

ஆடியின் பிரிவினையும் ஆக்கியோரின் இசைவும் ஒருங்கே அமையுமிடத்தன்றிக் காப்பும் ஆற்றலும் ஒருமொழியில் இணங்கி நில்லா. இருபதாண்டுக் காலம் அவ்விசைவைக் கேளாது பழகிய நூலகங்கள், பின்னர்த் தம்மைத் திருத்தியமைக்கப் பட்ட பாடே அதற்குச் சான்று.