புள்ளி வைத்த மரங்கள்

மலையே இல்லாத புதுச்சேரியிலிருந்து மலைமரங்களுக்கு ஓர் அட்லஸ்! பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1997-ல் வெளியிட்டது, தயாரித்தவர்கள் பி.ஆர்.ரமேஷ், பாஸ்கல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 352 மர இனங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருக்கிறார்கள். அசுர உழைப்பு.

ஆனால், புள்ளி வைத்துவிட்டால் மரம் பிழைத்துவிடுமா, சொல்லுங்கள்? சில இனங்களுக்கு ஒன்றிரண்டு புள்ளிதான். அங்கே மரம் இன்னும் நிற்கிறதா என்று அவ்வப்போது யாராவது போய்ப் பார்க்கணும். அத்தனை மலைக்கும் சம்பள ஆள் ஏது? தன்னார்வலர்தான் கதி. (பக்கத்து ஆரோவில்லில் மொட்டைச் செம்மண்ணில் காடு வளர்த்தவர்கள் எல்லோரும் தாவரவியல் படித்தவர்களா என்ன?) அவர்கள் கையில் இதைக் கொடுத்தால் முழிப்பார்கள். நிபுணர்களுக்காக நிபுணர்கள் எழுதிய ஆங்கிலம். இலைப் படம், தமிழ்ப் பெயரோடு ஜோல்னாப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு தமிழ்ப் பதிப்பு போடுங்களேன். வால்பாறை போகிற காலேஜ் பசங்களே பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார்கள்.