தூரம் ஒன்று, நேரமும் ஒன்றுதானா?

பொது அறிவு நூல்களிலும் கணிப்பொறித் திரைகளிலும் ஓர் அட்டவணையை வாசகர்கள் கண்டிருப்பர். இரு நகரங்களின் பெயர்கள், அவற்றிற்கிடையே வான்வழித் தூரம், பிறகு விமானப் பயண நேரம். மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடமும் செய்கின்றனர். இதில் தூரக் கட்டத்தை நம்பலாம். நேரக் கட்டத்தை அப்படியே நம்புவதற்கில்லை.

தூரம் முறையாக அளக்கப்பட்ட ஒன்று. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததே இந்தியப் பெரும் முக்கோண அளவை. இன்று செயற்கைக் கோள்கள் இப்பணியைச் செய்கின்றன. சென்னைக்கும் டெல்லிக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,750 கி.மீ. எப்பக்கமிருந்து அளந்தாலும் இது மாறாது.

நேரக் கட்டம் எவ்வாறு நிரப்பப்படுகிறது? பெரும்பாலும் தூரத்தை 800 போன்ற ஒரு வேகத்தால் வகுத்துவிடுகின்றனர். டெல்லிக்கு விடை 2 மணி 11 நிமிடம். விமான நிறுவனங்களின் கால அட்டவணையோ ஏறத்தாழ 3 மணி நேரம் காட்டுகிறது. பிழை எங்கே?

வகுத்தல் சரிதான், விமானம் முழு வேகத்தில் செல்வது வழியின் நடுப்பகுதியில் மட்டுமே என்பது விடுபட்டுவிட்டது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வரிசையில் காத்திருத்தல், இறங்குதல் அனைத்தும் பயண நேரமே. மேலும், விமானம் காற்றை எதிர்கொண்டுதான் இறங்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசினால் மீனம்பாக்கத்தில் கடற்பக்கமிருந்து இறங்குகின்றன. கிழக்கிலிருந்து வீசினால் அனகாபுத்தூர்ப் பக்கமிருந்து இறங்குகின்றன. அதற்காகச் சுற்றி வர நேர்வதும் உண்டு.

இதனினும் பெரிய குறை, போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் தருவது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் வானில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் வீசுகிறது. 1950களில் இதனை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். சிங்கப்பூர் செல்லும் விமானத்திற்கு அது எதிர்க்காற்று. திரும்பும் விமானத்திற்குத் துணைக்காற்று. தூரம் 2,900 கி.மீ., காற்றின் வேகம் மணிக்கு 50 கி.மீ. என்று கொள்வோம். போக 3 மணி 52 நிமிடம். வர 3 மணி 25 நிமிடம். காற்று மட்டுமே 27 நிமிட வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது!

ஆகவே அட்டவணை தயாரிப்போர் தூரத்திற்கு ஓர் எண்ணும், நேரத்திற்குப் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு எண்களும் தருதல் வேண்டும். எந்தப் பருவம், ஊர்ந்து செல்லும் நேரம் சேர்ந்ததா என்பதையும் குறித்தல் வேண்டும். இல்லையேல் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவதே மேல்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பள்ளிகளில் விமான ஒலி கேட்காத நாளில்லை. ஆசிரியர்கள் மனப்பாடத்தை நிறுத்தி, கால அட்டவணையைப் பார்த்துப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் மாணவர்களையே ஒப்பிடச் சொல்லலாம். வேறுபாடு தெரிந்ததும் அவர்களே 'ஏன்?' என்று கேட்பர். விஞ்ஞானம் அக்கேள்வியில்தான் தொடங்குகிறது.