ஆல்பா முதலெழுத்தாயின் ஒளியும் முதலோ?

செருமானிய வழக்கறிஞர் யோகான் பாயர் 1603-இல் வெளியிட்ட ‘உரானோமெட்ரியா’ என்னும் விண்மீன் படநூல், அந்தந்த மண்டலத்து மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக இட்டது. ஆல்பா ஒளியில் முதல், பீட்டா இரண்டாவது என்று மாணவர்க்குக் கற்பிப்பதுண்டு. அது முற்றும் பொருந்தாது. ஓரியன் மண்டலத்து ஆல்பா நம் திருவாதிரை. பீட்டாவாகிய ரைகலோ பெரும்பாலும் அதனினும் ஒளி மிக்கது. பாயர் மீன்களைத் தரவாரியாக வகுத்தாரேயன்றி, ஒரே தரத்துள் எது மிகுதி என்று அளந்தாரல்லர். தொலைநோக்கியும் தோன்றாத காலம் அது! குறை எழுத்தை எண்ணாகப் படிப்போருடையதே.

பின்வந்தோர் செய்த குழப்பம் அத்துணை எளிதில் பொறுக்கத்தக்கதன்று. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் லக்காய், ஆர்கோ என்னும் பெருங்கப்பல் மண்டலம் முழுமைக்கும் ஒரே கிரேக்க எழுத்து வரிசை அளித்தார். பின்னர்க் கப்பல் அடிக்கட்டை, பின்பகுதி, பாய் என மூன்று மண்டலங்களாயிற்று, எழுத்துகளோ மாற்றப்படவில்லை. பழைய பட்டியல்களோடு தொடர்பு அறாதிருப்பது நன்மையே. ஆயினும், ஆல்பாவாகிய அகத்திய மீன் பீட்டாவுடன் அடிக்கட்டையைச் சேர்ந்துவிட, பாய் மண்டலம் காமாவில் தொடங்குகிறது. பின்பகுதிக்கோ ஆறாம் எழுத்தான சீட்டாவே முதல். ஆல்பா எங்கே என்று மாணவன் வினவின், ஆசிரியர் உடைந்த கப்பலின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.