கோயிலுக்குள் கப்பல்!

மேலை நாட்டுக் கிறித்தவக் கோயிலில், பொதுமக்கள் கூடி வழிபடும் நடுக்கூடத்தை ஆங்கிலத்தில் 'நேவ்' என்பர். இலத்தீன் மொழியின் 'நாவிஸ்' அதன் மூலம். பொருள், கப்பல்! செருமானியரின் 'ஷிஃப்', ஸ்பானியரின் 'நாவே' ஆகிய சொற்களும் கப்பலையும் குறிக்கும், கோயிற்கூடத்தையும் குறிக்கும். கல்லால் எழுப்பிய கட்டடத்துக்குள் கப்பல் நுழைந்தது எவ்வாறு?

பக்தர் தரும் விடை எளிது. உலகம் துன்பக்கடலாம், கோயில் கரைசேர்க்கும் கலமாம். இவ்வுவமை பழமையானதே. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட, திருத்தூதர் பெயரால் வழங்கும் விதிநூல் ஒன்று, கோயில் கப்பல்போல் நீண்டிருக்க வேண்டும் என்கிறது. ஆயர் கலத்தின் தலைவர். அவருக்குத் துணைநிற்போர் மாலுமிகள். மக்கள்? ஒழுங்காக, அமைதியாக அமர வேண்டியவர்கள்!

உவமை அழகியது, மறுக்கவில்லை. ஆனால், உவமை வரலாறு ஆகிவிடுமா?

அந்நீண்ட கூடம் விண்ணிலிருந்து இறங்கியதன்று. உரோமர், வழக்காடவும் வாணிகம் பேசவும் 'பசிலிக்கா' என்ற பொதுமண்டபங்களைக் கட்டினர். நடுவே அகன்ற கூடம், இருமருங்கும் தூண்வரிசை. 313இல் கிறித்தவ வழிபாட்டுக்கு அரசின் இசைவு கிடைத்தது. திரளும் மக்களுக்கு இடம் வேண்டியிருந்தது. பழகிய மண்டபத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டனர். தேவை கட்டடத்தைத் தந்தது. தெய்வீகப் பொருள் பின்னர் ஏற்றப்பட்டது.

வேறு சிலர், கூரையைப் பார், கவிழ்த்த கப்பல்போல் இல்லையா, அதனால் வந்த பெயர் என்பர். இதற்குச் சான்றாக பிரான்சு நாட்டு ஓன்ஃப்ளர் துறைமுகத்தின் தூய கத்தரீன் கோயிலைக் காட்டுவர். 15ஆம் நூற்றாண்டில், கப்பல் கட்டும் தச்சர்கள் தாம் அறிந்த முறையிலேயே மரத்தால் எழுப்பிய கோயில் அது. அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த கலமேதான்! ஆயினும், உவமையோ அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. பேரன் பாட்டனைப் பெற்றான் என்று சொல்ல இயலுமா?

ஓன்ஃப்ளர் மெய்ப்பிப்பது வேறோர் உண்மை. கீழிருந்து வரும் நீரைத் தடுப்பது கலம். மேலிருந்து விழும் நீரைத் தடுப்பது கூரை. விலாவெலும்புபோல் மரங்களை வளைத்து இணைக்கும் கைத்திறன் இரண்டுக்கும் ஒன்றே. குருமார் உவமையில் கண்ட உறவை, தச்சர் உளியால் உண்டாக்கினர். உவமை சொன்னவர் ஏட்டில் வாழ்கிறார். உளி பிடித்தவர் பெயர் எங்கே?

ஒலியை மட்டும் நம்புவோர்க்கும் இங்கே பாடம் உண்டு. கிரேக்கத்தில் 'நவுஸ்' கப்பல், 'நாவோஸ்' கோயில். ஒலி நெருக்கம்; வேரோ வேறு. பின்னது, உறைதல் என்னும் பொருளுடைய சொல்லோடு சேர்ந்தது. ஆங்கிலத்தில் வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் 'நேவ்' என்றே பெயர். அதற்கும் கப்பலுக்கும் உறவில்லை.

நம் குறளும் சங்கப் பாடல்களும் வழங்கும் 'நாவாய்' என்னும் சொல்லுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். வடமொழியின் 'நௌ' தந்ததே நாவாய் என்று ஒரு சாரார் முழங்குவர். நாவாயே உலகுக்குக் கப்பலைத் தந்தது என்று மறுசாரார் மார்தட்டுவர். ஒலி ஒப்புமை ஒன்றையே இரு சாராரும் கையில் ஏந்தினால், இருவரையும் சான்று கேட்பதே பகுத்தறிவு. பிறர் புனைவைச் சிரித்துத் தள்ளிவிட்டு, நம் புனைவை மாலையிட்டு வரவேற்பது ஆராய்ச்சி ஆகாது. அதுவும் ஒரு பக்தியே!

தோழர்களே, ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவோர், சமுதாயத்தில் யார் எங்கே அமர்வது என்பதையும் சேர்த்தே கூறிவிடுகின்றனர். கூடத்துக்குக் கப்பல் என்று பெயரிட்டு, அதில் நிறைந்த மக்களை வாய்மூடிய பயணிகளாக்கிய கதை காட்டுவது அதைத்தான். எனவே, சொல்லின் வேரைக் கேட்போம். அதன் ஆண்டைக் கேட்போம். அதை ஆக்கிய கையைக் கேட்போம். சுக்கானை யார் பிடித்தார் என்பதையும் கேட்போம்!