டேங்கோ பாடல்கள்: கணக்கு தீர்ந்துவிட்டதா?

டேங்கோ என்றதும் நமக்கு நடனம்தான் ஞாபகம் வரும். ஸ்பானிய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடல் வரிகளைப் படித்தால் வேறு ஒரு உலகம். பெரும்பாலும் பேசுகிறவன், காதலி விட்டுவிட்டுப் போன ஒரு ஆண்.

1917ல் கார்லோஸ் கார்தெல் பதிவு செய்த 'மி நோச்சே த்ரிஸ்தே'யிலிருந்துதான் இந்த மரபைக் கணக்கிடுகிறார்கள். சாமுவேல் காஸ்ட்ரியோத்தாவின் இசைக்குப் பாஸ்குவால் கோந்துர்சி எழுதியது. அதில் அழுவது அறைதான். கண்ணாடி மங்கிக் கிடக்கிறது, கிதார் அலமாரியில் தொங்குகிறது, விளக்கு எரிய மறுக்கிறது. அவள் திரும்பி வரலாம் என்று ராத்திரி கதவைத் திறந்தே வைக்கிறான். அவள் மேல் பெரிய குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

குற்றச்சாட்டு செலெதோனியோ ஃப்ளோரெஸிடம் வலுவாக வருகிறது. அவருடைய 'மார்கோ'வில் மார்கரீத்தா என்ற ஏழைப்பெண் பெயரை மார்கோ என்று மாற்றிக்கொண்டு கபரேவுக்குப் போய்விடுகிறாள். எவனும் உன்னைக் கெடுக்கவில்லை, தப்பு உன்னுடையதுதான் என்கிறான் பாடுபவன். அதே பாட்டில் அவள் அம்மா, மண்ணெண்ணெய் விளக்கு எரியும் ஒண்டுக்குடித்தனத்தில், அடுப்பு எரிய வாரம் முழுக்கத் துணி துவைக்கிறாள். அவள் ஏன் போனாள் என்பதற்குப் பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கு. பாடுபவனுக்குத்தான் அது தெரியவில்லை. பகட்டு பொய்யாகவே இருக்கட்டும், அவள் விட்டு ஓடிய வறுமை பொய்யில்லையே.

1923ல் வந்த 'மனோ அ மனோ' இன்னும் சிக்கலானது. தலைப்புக்கே 'கணக்கு நேர்' என்கிற அர்த்தம். நமக்குள் பாக்கி எதுவும் இல்லை, சில்லறைக் கடன் ஏதாவது இருந்தால் உன்னை வைத்திருக்கும் பணக்காரன் கணக்கில் எழுதிக்கொள் என்கிறான். சரி, கணக்கு தீர்ந்துபோச்சுன்னா எதுக்கு இவ்வளவு நேரம் வாசிச்சுக்கிட்டிருக்கான்? கடைசியில், நீ கிழடாகி யாருக்கும் வேண்டாத பழைய சாமானாகக் கிடக்கும்போது உதவி வேண்டுமென்றால் இந்த நண்பனை நினைத்துக்கொள் என்று முடிக்கிறான். முதலில் இதைப் பெருந்தன்மை என்றே நானும் எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவன் உதவ வேண்டுமானால் அவள் முதலில் விழுந்தாக வேண்டும். அந்த விழுதலுக்காகத்தான் காத்திருக்கிறான். ஆனாலும் இது மட்டமான பாட்டு இல்லை. தன்னையறியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கிற ஒரு மனிதனை ஃப்ளோரெஸ் அப்படியே பேசவிட்டிருக்கிறார்.

அந்தக் காத்திருப்பு பலித்தால் என்ன ஆகும்? அதற்குப் பதில் போல இருக்கிறது என்ரிக்கே சாந்தோஸ் திசேபொலோவின் 'எஸ்தா நோச்சே மே எம்பொராச்சோ' (1928). விடியற்காலையில் கபரேயிலிருந்து வெளியே வருகிறாள், அழகெல்லாம் போய், கிழடாகி. பார்த்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த அழகுக்காகவா அம்மாவைப் பட்டினி போட்டேன், துரோகம் வரைக்கும் போனேன் என்று தன்மேலேயே திரும்புகிறான். அன்று ராத்திரி குடிக்கப் போகிறான், யோசிக்காமல் இருப்பதற்காக. பகட்டில் ஏமாந்தவள் அவள் மட்டும் இல்லை என்பது இங்கேதான் வெளியே வருகிறது.

கேட்க நினைப்பவர்கள் இந்த நான்கையும் இதே வரிசையில் கேளுங்கள். நான்காவதைக் கேட்ட பிறகு மூன்றாவதை ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள். குரல் அதேதான், ஆனால் அவனை முன்பு போல நம்ப முடியாது.